பயிற்சி தந்தாயிற்று, ஆள் எங்கே?

மனநலப் பணியாளர்களை உருவாக்க நாற்பது ஆண்டுகளாக அரசு பணம் போட்டு வருகிறது. கட்டடங்கள் எழும்பின, சான்றிதழ்கள் விநியோகமாயின. ஆனால் பல மாவட்டங்களில் மனநலப் பிரிவின் நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

2028 மே 29. தலைநகர் அலுவலகங்களில் இந்தத் தேதியை யாரும் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 31வது பிரிவு மத்திய, மாநில அரசுகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறது. மக்கள் தொகைக்கு இத்தனை மனநலப் பணியாளர்கள் என்று சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட கணக்கை, சட்டம் அமலான பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசுகள் முயற்சி செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறைகளிலும் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'முயற்சி செய்ய வேண்டும்' என்ற சொற்கள்தான் அரசுகளுக்குக் கிடைத்த சந்து.

கெடு நெருங்கும் வேளையில் கையிருப்பு என்ன? 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு கொடுத்த அறிக்கையின்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். அதை 3 ஆக உயர்த்த இன்னும் 27,000 பேர் வேண்டும். இது மருத்துவர்கள் கணக்கு மட்டுமே. சிகிச்சை உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், மனநல செவிலியர் ஆகியோரின் பற்றாக்குறை இதைவிட மோசம்.

சராசரி பல உண்மைகளை மறைத்துவிடும். 12 மாநிலங்களில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், கேரளத்தில் லட்சம் பேருக்கு 1.2 மனநல மருத்துவர் இருந்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் 0.05. அதாவது இருபது லட்சம் பேருக்கு ஒருவர். வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வதாகவும், நோய்க்கு நோய் வித்தியாசப்பட்டாலும் பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அதே ஆய்வு கண்டது.

ஏட்டில் பார்த்தால், இந்த விஷயத்தில் இந்தியா உலகத்துக்கே முன்னோடி. வளரும் நாடுகளில் தேசிய மனநலத் திட்டம் என்று ஒன்றை முதலில் வகுத்த சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பணமும் அவ்வப்போது ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதை எதில் போட்டார்கள், எதில் போடாமல் விட்டார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பெல்லாரியில் கிடைத்த பாடம்

எழுபதுகளின் நடுவில் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே யோசனை முளைத்தது. சண்டிகர் பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் என்.என். விக், டாக்டர் ஆர். ஸ்ரீனிவாச மூர்த்தி ஆகியோர் ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் ஆர்.எல். கபூர் தலைமையில் ஒரு குழு நகருக்கு வெளியே சகல்வாராவைத் தேர்ந்தெடுத்தது. நோயாளி ஊரைவிட்டு ஊர் வந்து பெரிய மருத்துவமனை வாசலில் காத்துக் கிடப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே கிராமத்தில் அரசு சம்பளத்தில் இருக்கும் டாக்டருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் கற்றுக் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. புதிய ஆளைத் தேட வேண்டாம், இருக்கும் ஆளைத் தயார் செய்தால் போதும்.

அந்த அனுபவத்தின் மேல்தான் 1982இல் தேசிய மனநலத் திட்டம் எழுந்தது. அதை ஒரு முழு மாவட்டத்தில் சோதிக்க நிம்ஹான்ஸ் 1985இல் பெல்லாரிக்குப் போனது. இன்று பள்ளாரி என்று பெயர் மாறிய அந்த மாவட்டத்தில் அப்போது சுமார் 15 லட்சம் மக்கள். ஐந்து ஆண்டுகள் நடந்த அந்தப் பரிசோதனையில் நான்கு அம்சங்கள் சேர்ந்தே இருந்தன. டாக்டர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி. குளோர்புரோமசின், இமிப்ரமின், வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் போன்ற விலை குறைந்த சில மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையில்லாமல் கிடைத்தல். எளிய பதிவேடு. நான்காவதாக, மாவட்டத் தலைநகரில் மனநல மருத்துவருடன் ஒரு சிறு குழு. இந்தக் குழு கஷ்டமான நோயாளிகளைப் பார்த்தது. மாதாமாதம் ஆய்வு நடத்தியது. யாருக்கு மருந்து நின்றது, யார் திரும்பி வரவில்லை என்று கேட்டது.

இந்த நான்காவது அம்சத்தின் அருமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும். பயிற்சி முடித்துத் திரும்பிய ஓர் இளம் டாக்டரை எடுத்துக்கொள்வோம். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகக் காதில் குரல் கேட்கிறது என்று ஒரு இளைஞனைக் குடும்பத்தார் கூட்டி வருகிறார்கள். டாக்டர் பாடத்தில் படித்தபடி ஹாலோபெரிடால் எழுதுகிறார். மூன்றாம் நாள் பையனின் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, கண் மேலே செருகுகிறது. பேயே இறங்கிவிட்டது என்று வீட்டில் அலறுகிறார்கள். விஷயம் தெரிந்தவருக்கு இது ஒரே ஊசியில் தணியும் பக்கவிளைவு. முதல் தடவை பார்ப்பவருக்கோ வெலவெலத்துப் போகும். அந்த நேரத்தில் போனில் பேச ஓர் அனுபவசாலி இருந்தால் அந்த டாக்டர் அடுத்த நோயாளியையும் தைரியமாகப் பார்ப்பார். இல்லையென்றால், "மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அவருக்குக் கொடுத்த பயிற்சிச் செலவு அன்றோடு எழுதித் தள்ளவேண்டியதுதான்.

நகலெடுத்ததும் விட்டதும்

பெல்லாரி மாதிரியை 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் என்ற பெயரில் மத்திய அரசு கையிலெடுத்தது. முதல் கட்டமாக நான்கு மாவட்டங்கள்: ஆந்திரத்தின் மேடக், அஸ்ஸாமின் நகாவ், ராஜஸ்தானின் சீகர், தமிழகத்தின் திருச்சி. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் 27 மாவட்டங்கள் ஆயின. பத்தாவது திட்டத்தில் நூறைத் தாண்டியது. இன்று 767 மாவட்டங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ரூ. 83.2 லட்சம் வரை பெறலாம் என்கின்றன விதிமுறைகள்.

விரிந்த வேகத்தில் முதலில் உதிர்ந்தது அந்த நான்காவது அம்சம்தான். காரணம் எளிது. பயிற்சி வகுப்பு நடத்துவது சுலபம். ஒரு மண்டபம், கையேடு, மதிய உணவு, வருகைப் பதிவு, குழுப் புகைப்படம். ஆண்டறிக்கையில் 'பயிற்சி பெற்றோர்' என்ற கட்டத்தை நிரப்பிவிடலாம். மேற்பார்வைக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. மாதாமாதம் ஒருவர் ஜீப்பில் ஏறி நாற்பது கிலோமீட்டர் போய் உட்கார வேண்டும். அவர் ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்பட வேண்டும், சம்பளம் நிதி வந்தால்தான். 2008-09இல் மத்திய அரசுக்காக நடந்த ஒரு மதிப்பீடு, நிரப்பப்படாத பணியிடங்கள், குறைந்த ஊதியம், தாமதமாக வரும் நிதி, வந்தும் செலவாகாத நிதி என்று இதே பட்டியலைத்தான் போட்டது. அதற்குப் பிறகு வந்த அறிக்கைகளிலும் பட்டியல் அதிகம் மாறவில்லை.

பயிற்சி பெற்ற டாக்டர் மாற்றலாகிப் போவது இன்னொரு ஓட்டை. இரண்டு ஆண்டுகளில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார், அல்லது மேற்படிப்புக்குப் போய்விடுவார். கண் மருத்துவத்துக்கோ எலும்பு மருத்துவத்துக்கோ இடம் கிடைத்தால் மனநலப் பயிற்சி அவருக்குத் தேவையே இல்லை. அவர் இடத்துக்கு வருபவருக்கு மீண்டும் முதலிலிருந்து வகுப்பு. எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தோம் என்று கணக்கு வைக்கும் அரசுகள், பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதே வேலையைச் செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. ஒரு தலைக்கு ஆன செலவை இந்த இரண்டாவது எண்ணால் வகுத்துப் பார்த்தால் மலிவுப் பயிற்சி என்று சொல்லப்படுவது எவ்வளவு விலையுயர்ந்தது என்று புரியும்.

ஆள் இல்லாத இடத்தை எது நிரப்பும் என்பதற்கு நம் நாட்டில் மறக்க முடியாத சாட்சி ஒன்று இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறை சொல்வது சுலபம். பக்கத்து ஊரில் மருந்து தரவும், மறு மாதம் விசாரிக்கவும் ஓர் அரசு ஆள் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்தத் தூரத்துக்குப் போயிருப்பார்கள்? உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் மனநலத்துக்கான ஒதுக்கீடு சுமார் ரூ. 28 கோடியிலிருந்து ரூ. 139 கோடியாகக் கூடியது.

முப்பது கோடிக் கட்டடங்கள்

2009இல் அரசு இன்னொரு வழியில் இறங்கியது. மேலிருந்து ஆட்களை உற்பத்தி செய்வது. மனிதவள மேம்பாட்டுத் திட்டம் 'ஏ'யின் கீழ் பழைய மனநல மருத்துவமனைகள் உயர் சிறப்பு மையங்களாகும். ஒவ்வொன்றுக்கும் ரூ. 30 கோடி வரை. பிரிவு 'பி'யின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பட்ட மேற்படிப்புத் துறைகள் வலுப்படுத்தப்படும். உயர் சிறப்பு மையம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு 4 மனநல மருத்துவர், 16 சிகிச்சை உளவியலாளர், 16 சமூகப் பணியாளர், 20 செவிலியர் வெளிவர வேண்டும் என்பது கணக்கு. இதுவரை 25 உயர் சிறப்பு மையங்களுக்கும் 47 பட்ட மேற்படிப்புத் துறைகளுக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.

யோசனையில் தப்பில்லை. டாக்டர் ஒருவருக்கு நான்கு உளவியலாளர், நான்கு சமூகப் பணியாளர், ஐந்து செவிலியர் என்ற விகிதமே புத்திசாலித்தனமானது. மனநல சிகிச்சை ஒற்றை டாக்டரின் வேலை இல்லை என்பதை அது ஒப்புக்கொண்டது. சிக்கல் பணம் போன திசையில். கல்விக் கட்டடம், நூலகம், விடுதி, கருவிகள் ஆகியவற்றுக்கு மத்திய நிதி. பேராசிரியர் சம்பளத்துக்கும் திட்டக் காலம் வரை மத்திய நிதி. அதற்குப் பிறகு மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். கட்டடத்தைத் திறந்து வைக்க மாநில அரசுகளுக்குத் தயக்கம் வந்ததில்லை. நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் என்றால் நிதித்துறைக் கோப்பு நகராது. ஆசிரியர் இல்லாமல் மாணவர் இடம் கிடைக்காது. மாணவர் இல்லாவிட்டால் விடுதி வெறும் கட்டடம்தான்.

பட்ஜெட் எண்களும் இதைத்தான் சொல்கின்றன. இந்த உயர்நிலைத் திட்டத்துக்காக மத்திய பட்ஜெட்டில் 2018-19இல் ரூ. 50 கோடி போடப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது ஒற்றை இலக்கக் கோடிகளாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடே ரூ. 40 கோடிக்கு இறங்கியது. செலவு செய்ய முடியாததால் பணம் குறைக்கப்பட்டது, பணம் குறைந்ததால் மேலும் செலவு செய்ய முடியவில்லை.

உளவியலாளர் படிப்பில் வேறொரு கூத்து. இந்தியாவில் சிகிச்சை உளவியலாளராக உரிமம் பெற, மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே நீண்ட காலமாகப் பிரதான வழி. 2020இன் புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே ஒழித்தது. எம்.ஃபில். செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 டிசம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதமே, சிகிச்சை உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விதிவிலக்கு தந்தது. ஒரு துறை ஆட்களைத் தயாரிக்கும் ஒரே பெரிய வாசலை மூடும் முன், அடுத்த வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கலாம்.

தயாரான ஆட்களும் இங்கே தங்குவதில்லை. 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, அனுபவமுள்ள மனநல மருத்துவர்களை வெளிநாடுகளிலிருந்து அழைக்க ஒரு திட்டம் போட்டு இந்தியாவிலும் ஆள் பிடித்தது. கோவாவில் பணியாற்றிய டாக்டர் விக்ரம் படேல் 2003இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இதைக் கண்டித்து எழுதினார். ஆனால் லண்டனுக்குப் போனவர்களை மட்டும் பேசிப் பயனில்லை. மாவட்டத் தலைநகரிலேயே தனியார் கிளினிக் நடத்துபவரை, ஓராண்டு ஒப்பந்தச் சம்பளம் எப்படி இழுக்கும்?

பயன் தந்த முதலீடு

பணம் பலன் தந்த இடங்களும் இல்லாமல் இல்லை. அவை பெரும்பாலும் கட்டடம் இல்லாத இடங்கள்.

கோவாவில் டாக்டர் படேலின் குழு 24 மருத்துவ நிலையங்களில் ஒரு பரிசோதனை நடத்தியது. பாதி அரசு நிலையங்கள், பாதி தனியார் டாக்டர்கள். சுகாதாரத் துறைக்கே புதியவர்களான உள்ளூர்க்காரர்களுக்குச் சுமார் இரண்டு மாதம் பயிற்சி தந்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ள நோயாளிகளிடம் பேச வைத்தார்கள். பின்னால் ஒரு மனநல மருத்துவர் துணை இருந்தார். 2010இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. ஆலோசகர் இருந்த அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 66 பேர் குணமடைந்தார்கள். இல்லாத அரசு நிலையங்களில் 42 பேர். தனியார் நிலையங்களில் வித்தியாசமே தெரியவில்லை. குடும்ப டாக்டர் ஏற்கெனவே உட்கார வைத்துப் பேசிவிடுவதாலோ என்னவோ. கூட்டத்தில் தள்ளுமுள்ளுப் படும் அரசு நோயாளிக்குத்தான் பேச ஓர் ஆள் கிடைப்பது மருந்தாகிறது.

அதே குழுவின் அடுத்த ஆய்வு 2017இல் வந்தது. அதிலும் மனநலத்தில் பட்டம் பெறாத ஆலோசகர்கள்தான். அவர்களை மேற்பார்வை செய்த விதம் கவனிக்க வேண்டியது. தங்கள் உரையாடல்களின் ஒலிப்பதிவைக் கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். நிபுணர் எப்போதும் தலைமேல் நிற்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில் 30 கிராமங்களில் நடந்த விஷ்ராம் திட்டமும் இதே ரகம். விவசாயிகள் தற்கொலையால் பெயர் அடிபட்ட விதர்பாவில், மனச்சோர்வு உள்ளவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 27.2 சதவீதமாக உயர்ந்தார்கள்.

நிம்ஹான்ஸ் தன் பழைய பயிற்சி முறையையே புரட்டிப் போட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை வகுப்பறைக்கு அழைப்பதில்லை. அவர் தன் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மனநல மருத்துவர் வீடியோ வழியாக உடன் உட்காருகிறார். வந்திருக்கும் நிஜ நோயாளிதான் பாடம். மண்டபமும் பயணப்படியும் மிச்சம், நோயாளிக்கும் அன்றே மருந்து. பெங்களூரு, ராஞ்சி, தேஜ்பூர் ஆகிய மூன்று மத்திய நிறுவனங்களிலும் 2018 முதல் இணைய வழிப் பயிற்சிக் கழகங்கள் நடக்கின்றன. 40,000க்கும் அதிகமானோர் பயிற்சி பெற்றிருப்பதாக அரசு சொல்கிறது. மறுபடியும் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைதான்!

கர்நாடகம் 2014இல் செவ்வாய்க்கிழமைகளைத் தேர்ந்தெடுத்தது. அன்று தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் வருவார் என்பது ஏற்பாடு. கிழமை ஊருக்குத் தெரிந்துவிட்டால் நோயாளி வருகிறார். பக்கத்து கேரளம், மனச்சோர்வைக் கண்டறிந்து பேசும் வேலையை 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் 2017 முதல் குடும்ப நல நிலையங்களின் செவிலியர்களிடம் கொடுத்தது. இரண்டிலும் பயிற்சி என்பது வேலையின் ஒரு பகுதி, வேலைக்கு முன்னால் நடக்கும் சடங்கு அல்ல.

மிக மலிவான முதலீடு ஒன்று இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வு இல்லை. சில வாரப் பணி உண்டு, பொது மருத்துவத் தாளில் ஓரிரு கேள்வி வரும். தேர்வில் வராததை எந்த மாணவர் படிப்பார்? கல்லூரியில் கற்காததைக் கற்றுக் கொடுக்க, பின்னால் மாவட்டம் மாவட்டமாக அரசு வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையே எல்லாச் சுமையையும் ஆஷா பணியாளர் தலையில் இறக்கி வைக்கும் பழக்கம் பரவுகிறது. தடுப்பூசி, பிரசவம், காசநோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு இப்போது மனநலமும். 2018க்குப் பிறகு விரிவாக்கப்பட்ட துணை சுகாதார நிலையங்களின் சேவைப் பட்டியலில் மனநலம் இடம்பெற்றது நல்ல செய்திதான். ஆனால் ஆஷா நிரந்தர ஊழியர் இல்லை, செய்யும் வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை பெறுபவர். வீடு வீடாகப் போய் நோயாளியை அவர் கண்டுபிடித்துவிடுவார். ஊரில் யார் தூங்குவதில்லை, யார் அறைக்குள் அடைந்து கிடக்கிறார் என்பது அவருக்குத் தெரியாததா? கண்டுபிடித்த பிறகு யாரிடம் அனுப்புவது என்பது அவர் கையில் இல்லை.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி சேவைக்கும் இதே கதிதான். 14416 என்ற எண்ணை நாட்டின் எந்த மூலையிலிருந்தும், எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழ் உட்பட இருபது மொழிகளில் ஆலோசகர்கள் பேசுகிறார்கள். இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்திருக்கின்றன. பேச்சோடு தீராதவர்களை நேரடி சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாட்டின் இரண்டாவது படி. ஆலோசகர் மாவட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அங்குள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார். அழைத்தவர் மறுநாள் பஸ் ஏறுகிறார். அங்கே கதவில் பெயர்ப்பலகை இருக்கிறது.